பத்தொன்பது டப்பாக்கள்

நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர வேண்டும். வரிசையாகக் குனிந்து, நட நட ஒவ்வோர் அடியாகப் பின்னால் போவார்கள். கைவேகம் உள்ளவள் போய்க்கொண்டே இருப்பாள். மந்தமானவள் நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டு பக்கத்துக்காரிகளும் அவளைச் சுற்றி நாற்றை ஊன்றி அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நட்ட பயிருக்கு நடுவே தனியாகச் சிக்கிக்கொண்டு நிற்பவளைப் பார்த்து வயலே சிரிக்கும். சின்னமனூருக்கு மேற்கே இருக்கும் வயல்களில் நாற்பது வருடமாக அப்படி மற்றவர்களை அடைத்துவிட்டுப் போனவள் மாயக்காள். அந்த ஆனி மாதம், பேச்சிமுத்துவின் வயலில், முதல்முறையாக அவள் அடைபட்டு நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். பச்சை நாற்றெல்லாம் கறுத்து, பிறகு வெளுத்து, பிறகு ஒன்றுமே தெரியாமல் போனது. உழுது கலக்கிய தொழிச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள்தான் ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"என்ன மதினி, மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

மேற்கு மலையிலிருந்து காலை முதல் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் வானத்தைப் பார்த்தாள், மாயக்காளைப் பார்த்தாள், கைத்தாங்கலாக வரப்புக்குக் கூட்டிப் போனாள்.

மாயக்காளுக்கு வயது அறுபத்தாறு. நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யார் வயலுக்கு என்றைக்குப் போவது, எத்தனை ஆள், எந்த மூலையில் தொடங்குவது, எல்லாம் அவள் சொல்வதுதான். இளவட்டங்கள் காலையில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கோ, கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கோ போய்விடுகிறார்கள். சேற்றில் இறங்க மிஞ்சியது கிழவிகள்தான். மாயக்காளையும் சேர்த்து அறுபது தாண்டியவர்கள் இருபது பேர். அந்த இருபது பேர் கைபட்ட வயலில் ஒரு குத்து கோணலாக இருக்காது என்று உத்தமபாளையம் வரைக்கும் பேச்சு உண்டு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மாயக்காள் கேட்காததுபோல் நடந்து போவாள். கேட்டிருக்கிறாள் என்பது நடையிலேயே தெரியும்.

சேற்றில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அவளுக்கோ ஏழெட்டு மாதமாகத் தெரியும். பஸ் படி ஏறினால் மூச்சு வாங்கும். குனிந்து நிமிர்ந்தால் காதுக்குள் இரைச்சல். சோறு பிடிக்காமல் போய், பச்சரிசியை மடியில் கட்டி வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருந்தாள். மருமகள் முனீஸ்வரி இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள். "சும்மா, வாய் நமநமன்னுது" என்று சமாளித்தாள்.

மகன் வேல்பாண்டி வாழைத்தார் ஏற்றும் மினிவண்டி வைத்திருந்தான். விஷயம் காதுக்கு எட்டியதும் அன்றைய லோடை இறக்கிவிட்டு, தேனியில் ஒரு கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப் போனான். அங்கிருந்த டாக்டர் நாடியைப் பிடித்தார், முதுகில் குழலை வைத்தார், எழுதிக்கொண்டே சொன்னார்.

"வயசாச்சுல்ல பாட்டி. இனி வீட்ல உக்காந்து பேரன் பேத்தியக் கொஞ்சுங்க."

அவர் எழுதிக் கொடுத்த டானிக்கை மாயக்காள் ஒழுங்காகக் குடித்தாள். ஆனால் அந்த வார்த்தைதான் இறங்கவில்லை. வயசு என்பது ஒரு வியாதியா? அப்படியென்றால் ஒச்சம்மாளுக்கும் தனக்கும் இரண்டு வயதுதானே வித்தியாசம்?

டானிக் தீர்ந்தும் மயக்கம் தீரவில்லை. இரண்டாம் முறை அடுப்படியிலேயே சாய்ந்தாள். இந்தத் தடவை முனீஸ்வரிதான் ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனாள். அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் பெண் பவானி. நாற்பது வயதிருக்கும். ஊசியைக் குத்திவிட்டு, குழாயில் ஏறிய ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஆத்தா, இது ரத்தமா, ரோஸ்மில்க்கா?"

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது. பவானி சிரிக்கவில்லை. ஆறு புள்ளி இரண்டு என்று வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கிறது என்று சுகாதார நிலையத்து டாக்டர் தமிழ்மாறன் விளக்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது, எங்கே என்று பார்க்க வயிற்றுக்குள் குழாய் விட வேண்டும், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று தேதி போட்டு அனுப்பினார்கள்.

வேல்பாண்டி யாரிடம் என்ன சொன்னானோ, அந்தப் பத்து நாளுக்குள் ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த நோவு" என்றார்கள். ஆளாளுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்காரி வந்து, "மனசுல எதையும் வச்சுக்கிறாத ஆத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாயக்காள் கையை உருவிக்கொண்டாள்.

இதற்கு நடுவில்தான் பவானியிடமிருந்து போன் வந்தது. முனீஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆத்தா, உங்க ரத்தத்த அன்னைக்கே கண்ணாடியில தேச்சுப் பாத்தேன். வெள்ளணுவுல ஒரு வகை ரொம்பக் கூடுதலா இருக்கு. எனக்கு ஒரு சந்தேகம், டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன். நீங்க மோஷன் டெஸ்டுக்குக் கொஞ்சம் கொண்டு வரணும். நம்ம நர்சு கிட்ட டப்பா குடுத்து விட்டுருக்கேன்."

"எதக் கொண்டு வரணும்?"

பவானி மறுபடியும் சொன்னாள், இன்னும் பச்சையாக.

மாயக்காள் போனைப் பார்த்த பார்வையில் முனீஸ்வரி தானாகவே அதை அணைத்துவிட்டாள். ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தவள், அதைப் போய் டப்பாவில் அடைத்து, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் ஒரு பொம்பளைப் பிள்ளை கையில் கொடுப்பதா? சாயங்காலம் நர்ஸ் கொண்டு வந்த டப்பாவை ஜன்னல் மேல் வைத்தாள். சிவப்பு மூடி போட்ட சின்ன டப்பா. இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் ஆண்டிபட்டியிலிருந்து அவள் சித்தி மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். வந்து உட்கார்ந்து, மாயக்காளின் தலையைத் தடவி, "எப்படி இருந்த மனுசி" என்றாள். பிறகு முனீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, சாவு விழுந்தால் மேலே போர்த்த எந்த மாற்றுச்சேலை எடுப்பது, யாரார் எடுப்பது என்று குசுகுசுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த மாயக்காளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இந்த இரக்கத்தைவிட அந்த டப்பாவே மேல் என்று அப்போது தோன்றியது. மறுநாள் விடிந்ததும் டப்பாவை எடுத்தாள்.

பஸ்ஸில் கூட்டம். மஞ்சப் பைக்குள் இரண்டு பாலித்தீன் கவர் சுற்றி வைத்திருந்த டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் பையைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில யாருக்கும் சோறு கொண்டு போறீகளா?"

"ஆமா தாயி," என்றாள் மாயக்காள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பவானி டப்பாவை வாங்கியபோது மாயக்காள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைச் சுளிக்கிறாளா, தலையைத் திருப்புகிறாளா என்று. பவானி கையுறையை மாட்டினாள், மூடியைத் திறந்தாள், குச்சியால் துளி எடுத்துக் கண்ணாடியில் கரைத்தாள். சமையல்காரி உப்புப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. கண்ணாடியை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஓர் இடத்தில் கை நின்றது.

"ஆத்தா, இங்கன வாங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு மிதக்கும் தூசிகளுக்கு நடுவே, வெந்த ஜவ்வரிசிபோலத் தெளிவாக, நீள்வட்டமாக ஒன்று. உள்ளே நாலு பருக்கையை அடைத்து வைத்த மாதிரி. தள்ளி இன்னொன்று. அதற்குப் பின்னால் இரண்டு.

"என்னது தாயி இது?"

"முட்டை. கொக்கிப்புழுவோட முட்டை. உங்க குடலக் கவ்விக்கிட்டு ரத்தத்தக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. எத்தனை வருசமாவோ."

மாயக்காள் கண்ணை எடுக்கவில்லை. "பூச்சியா? சின்னப் பிள்ளைகளுக்குல்ல பூச்சி இருக்கும்?"

"பூச்சிக்கு வயசெல்லாம் தெரியாது ஆத்தா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் மாத்திரை குடுக்கிறோம். உங்க வயசுக்காரவுகளுக்கு யாரும் குடுக்கிறதில்ல, யாரும் கேக்கிறதுமில்ல. ரத்தம் இல்லேன்னா வயசாச்சுன்னு அனுப்பிருறாக."

அது எப்படி உள்ளே போனது என்று பவானி அவளை உட்காரவைத்துச் சொன்னாள். வெறுங்கால் வழியாக. வெளிக்குப் போன இடத்து மண்ணில் முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத புழு ஈரமண்ணில் காத்துக் கிடக்கும். மிதித்தால் தோலைத் துளைத்து ஏறிவிடும். விரல் இடுக்கில் ஒரு அரிப்பு, அவ்வளவுதான் தெரியும். "வயலுக்குப் போனா வெளிக்கு எங்க போவீக?" என்று கேட்டாள்.

"வாய்க்கா கரைக் கருவேலம் புதருக்குத்தான். எல்லாரும்."

"செருப்பு?"

"வயலுக்கு யாரு செருப்பு போட்டுக்கிட்டுப் போவா?"

சொல்லும்போதே விரல் இடுக்கு அரிப்பது மாயக்காளுக்கு நினைவு வந்தது. வருடா வருடம் சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசுவாளே, அதில் எத்தனை உண்மையில் இந்தப் பூச்சியின் வேலையோ.

டாக்டர் தமிழ்மாறன் மாத்திரை எழுதினார். தங்கள் கண்முன்னாலேயே மென்று விழுங்கச் சொன்னார்கள். சுண்ணாம்புக் கட்டிபோல இருந்தது. கூடவே மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை. குறித்த தேதிக்குப் போய்க் குழாயும் விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. வேல்பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மாயக்காள் அவன் முதுகில் தட்டி, "எடுப்பா, பசிக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரு மாதம் போனது. பச்சரிசி ஆசை போனது. காதின் இரைச்சல் போனது. பஸ் படி பழையபடி படியாகவே ஆனது. ஆவணியில் இரண்டாம் களைக்கு ஆள் கூப்பிட்டபோது அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். வேல்பாண்டி வாசலில் குறுக்கே நின்றான்.

"போதும்மா. இனி வயக்காட்டுப் பக்கமே போக வேணாம்."

"போக வேண்டியது பூச்சி. அது போயிருச்சு. நான் எதுக்குப்பா வீட்ல கெடக்கணும்?"

அன்றைக்கு அவள் காலில் செருப்பு இருந்தது. வேல்பாண்டி அதைப் பார்த்துவிட்டு வழியை விட்டான்.

மதியம் வாய்க்கால் கரைப் புங்கை மரத்தடியில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். மாயக்காள் எழுந்து வந்ததில் அவர்களுக்கு ஆச்சரியம். "அந்த நோவு" ஊசியில் தீர்ந்துவிட்டதாக ஒருத்தி சொன்னாள். குலசாமி காப்பாற்றியதாக ஒருத்தி சொன்னாள். மாயக்காளுக்கு அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெரிய வியாதியிலிருந்து மீண்டவள் என்றால் மரியாதைதான். வயிற்றில் பூச்சி என்றால் சிரிப்பு.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் மடியிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்று சத்தம் கேட்டது.

"என்ன திங்கிற?"

"சும்மா மதினி. பச்சரிசி. வாய் நமநமங்குது."

"கையக் காட்டு."

ஒச்சம்மாள் உள்ளங்கையை நீட்டினாள். சுண்ணாம்பு தடவிய சுவர்மாதிரி வெளுத்திருந்தது. மாயக்காள் தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"எனக்கு இருந்தது அந்த நோவு இல்ல," என்றாள் மாயக்காள். "வயித்துல பூச்சி. என் கண்ணால முட்டையப் பாத்தேன். மோஷனை டப்பாவுல கொண்டு போயிக் குடுத்தேன், கண்டுபிடிச்சாக, மாத்திரை குடுத்தாக. அம்புட்டுத்தான்."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"சிரிங்கடி. நானும் ரெண்டு நாளு அந்த டப்பாவப் பாத்துக் கூசிக்கிட்டுத்தான் கெடந்தேன். கூசிக்கிட்டே செத்திருந்தா வயசாயிச் செத்தாள்னு சொல்லிருப்பீக." புதர்ப் பக்கம் கையை நீட்டினாள். "அங்கனதான் ஏறுது. நம்ம காலு வழியா. நாம போன எடத்துல நாமளே மிதிச்சு, நாமளே வாங்கிக்கிறோம். யாருக்கு மூச்சு வாங்குது? யாருக்குக் காலு அரிக்குது? நெசத்தச் சொல்லுங்க."

முந்தானைகள் வாயிலிருந்து இறங்கின. பிறகு ஒச்சம்மாள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அடுத்து ஒரு கை. அடுத்து இன்னொன்று.

மறுநாளே மாயக்காள் பவானி முன்னால் போய் நின்றாள். "தாயி, பத்தொன்பது டப்பா வேணும்."

பவானி டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "டாக்டர் சரின்னுட்டாக. ஆனா ஒரே நாள்ல வேணாம் ஆத்தா, என் ஒருத்தியால முடியாது. நாளுக்கு ஆறு பேரா வாங்க."

"பிரிச்சு வந்தா நாலு பேரு நழுவிருவாளுக. ஒண்ணா வந்தாத்தான் ஒருத்திக்கு ஒருத்தி காவல். நீ எம்புட்டு நேரம் பாத்தாலும் பரவாயில்ல, நாங்க உக்காந்திருக்கோம்."

பவானி யோசித்தாள். "நான் இங்கன வேலைக்கு வந்து பதிமூணு வருசமாச்சு. இந்த டெஸ்ட என்கிட்ட வருசத்துக்கு நாலு பேரு கேட்டா அதிகம். கொண்டு வாங்க ஆத்தா. பாத்திருவோம்."

முனீஸ்வரி உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவிலும் மார்க்கரால் பெயர் எழுதினாள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால் வீட்டு அடையாளமும் எழுத வேண்டியிருந்தது: தெக்குத்தெரு, ரைஸ்மில்லுப் பக்கம், மெத்தைவீடு.

திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் இருபது கிழவிகள் ஏறினார்கள். மாயக்காளைத் தவிர மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு பை. கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வந்தார்.

"என்ன ஆத்தா, ஊரே கெளம்பிட்டீக? எங்க, கல்யாணத்துக்கா?"

எல்லாரும் மாயக்காளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன் ஒச்சம்மாள் சொல்லிவிட்டாள்.

"கல்யாணத்துக்கு இல்ல. வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கப் போறோம். எல்லாம் பைக்குள்ளதான் இருக்கு."

கண்டக்டர் ஒரு பையைத் தாண்டி வைத்த காலைப் பின்னால் எடுத்தார். பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "ஆம்பளைகளுக்கும் பாப்பாகளா?"

"ஆம்பளை வயிறு என்ன, அரண்மனையா?" என்றாள் மாயக்காள். "டப்பா வாங்கிட்டு வாங்க, பாப்பாக."

போன தடவை இதே பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள், இப்போது நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் தெரிய நின்றாள்.

பவானி அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டாள். பத்தொன்பதில் பதின்மூன்று பேருக்குக் கொக்கிப்புழு. ஒருத்திக்கு வேறொரு புழு. ரத்தம் பார்த்ததில் ஒச்சம்மாளுக்கு ஏழுதான் இருந்தது. அவளை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்று மாத்திரையை மென்றார்கள். டாக்டர் தமிழ்மாறன் கணக்கை மேலே அனுப்பினார். இரண்டு வாரத்தில் மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து வாய்க்கால் கரையைப் பார்த்தார்கள், மண் எடுத்துக்கொண்டு போனார்கள். சுற்றியிருக்கிற நாலு ஊர்களிலும் வயலுக்குப் போகும் பெரியவர்களுக்குப் பரிசோதனை நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், "இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நம்ம பவானிதான்," என்றாள் மாயக்காள்.

"ஆத்தாதான்," என்றாள் பவானி அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவானி வெள்ளைக் கோட்டின் பொத்தானைச் சரி செய்தாள். அன்று முழுதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் கவனித்தார்கள்.

மாத்திரை தின்றால் பூச்சி போகும். ஆனால் திரும்பப் புதருக்குப் போனால் பூச்சியும் திரும்ப வரும். பவானி இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கரையில் நடக்கும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்ன செய்வது என்று மாயக்காள் ஐப்பசி முழுக்க யோசித்தாள். கார்த்திகையில் இரண்டாம் போக நடவுக்குப் பேச்சிமுத்து வந்து கூப்பிட்டபோது அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"வாரோம் தம்பி. ஒரு வேலை இருக்கு. வயலுக்கு மேல்கோடியில, வாய்க்காலுக்கு எட்ட, ஆள் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டணும். மேல கல்லு போட்டு, சுத்தித் தார்ப்பாய் கட்டி மறைப்பு வைக்கணும். தண்ணி, சோப்பு வேணும். எங்க ஆளுக வெளிக்குப் போறதுக்கு."

பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மாயக்கா, காலங்காலமா வாய்க்கா கரைதான? இப்ப என்ன புதுசா?"

"காலங்காலமா ரத்தமும் போச்சு. இப்பத்தான் தெரிஞ்சது."

"இதெல்லாம் தோதுப்படாது. நான் மிஷின் வச்சு நட்டுக்கிறேன்."

"நட்டுக்கங்க. உங்க வயலு தொழி தொடையளவு. போன வருசம் மிஷின் மாட்டி, அத இழுக்க இன்னொரு மிஷின் வந்ததையும் பாத்தோம்."

பேச்சிமுத்து கோபித்துக்கொண்டு போனார். மூன்று நாள் வேறு ஊர்களில் ஆள் தேடினார். எங்கே கேட்டாலும், "மாயக்கா ஆளுக வரலையா? ஏன்?" என்று திருப்பிக் கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்று முதிர்ந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் காலையில் மேல்கோடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

மாயக்காள் குழியைப் போய்ப் பார்த்தாள். ஒரு கம்பை விட்டு ஆழம் அளந்தாள். இன்னும் இரண்டடி போகச் சொன்னாள். போனார்கள்.

நடவன்று வரப்பில் இருபது ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. வழியோடு போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, வயலில் ஏதாவது மீட்டிங்கா என்று கேட்டுவிட்டுப் போனார். ரத்தம் ஏற்றி, இரும்பு மாத்திரை தின்று தேறியிருந்த ஒச்சம்மாளும் வந்திருந்தாள். குலவை போட்டு முதல் நாற்று முடியைப் பிரித்தார்கள். மாயக்காள் ஈசான மூலையில் இறங்கிக் குனிந்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. சேறு கணுக்காலைக் கவ்விப் பிடித்தது. விரல் நாற்றை ஊன்ற ஊன்ற மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அதை அவள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே நட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மோட்டாரின் சத்தத்தை அதன் சொந்தக்காரன் கேட்பதுபோல.

அரை மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள். பக்கத்து வரிசையில் ஒச்சம்மாள் அவளைவிட இரண்டடி பின்னால் போயிருந்தாள்.

"மதினி, அடைக்கட்டுமா?" என்றாள் ஒச்சம்மாள்.

"அடைச்சுப் பாரு," என்று மாயக்காள் கையை ஓட்டினாள். நெடுநேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர்களும் வீம்புக்கு வேகம் பிடிக்க, மூன்று மணிக்கு முடிய வேண்டிய வயல் ஒன்றரைக்கே முடிந்துவிட்டது.

கரையேறிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடுத்த வயல்காரர் சின்னக்கருப்பு வரப்பில் வந்து நின்றார். நட்ட வயலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். கயிறு பிடித்தமாதிரி இருந்தது.

"மாயக்கா, நாளைக்கழிச்சு நம்ம வயலுக்கு வந்துருங்க."

மாயக்காள் செருப்பை மாட்டிக்கொண்டே மேல்கோடித் தார்ப்பாயைக் கண்ணால் காட்டினாள். "அது மாதிரி ஒண்ணு கட்டியாச்சா?"

சின்னக்கருப்பு தலையைச் சொறிந்தார். "இன்னும் இல்ல. கட்டிருவோம்."

"கட்டிட்டுச் சொல்லி விடுங்க," என்றாள் மாயக்காள். "வாரோம்."